இருண்ட திரையும் புதிய கிராபிக்ஸ் கார்டும்

ஓராண்டுச் சேமிப்பைக் கொடுத்துப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கணினியில் பொருத்துகிறோம். பொத்தானை அழுத்தியதும் மின்விசிறிகள் சுழல்கின்றன, விளக்குகள் ஒளிர்கின்றன. ஆனால் திரை மட்டும் கரும்பலகை போல் இருக்கிறது! "போட்ட பணமெல்லாம் போயிற்றே" என்று வீட்டில் புலம்பல் எழும். தோழியரே, கார்டு கெட்டுவிட்டதென்று முடிவு கட்டுமுன் நாம் ஆராய வேண்டியவை பல உள்ளன.

கிராபிக்ஸ் கார்டு செய்வது என்ன? கணினியின் கட்டளைகளைப் படமாக்கிக் கேபிள் வழியே மானிட்டருக்கு அனுப்புகிறது. இப்பாதையில் எங்கோ ஓரிடத்தில் தடை. அது எங்கே என்று வரிசையாகத் தேடுவதே நம் பணி.

முதலில் கணினியின் பின்புறத்தைப் பார்ப்போம். மதர்போர்டுக்குரிய இணைப்புத் துளைகள் ஓரிடத்திலும், புதிய கார்டின் துளைகள் வேறிடத்திலும் இருக்கும். பழைய பழக்கத்தில் மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகுவோர் பலர். தனிக் கார்டு வந்தவுடன் பல மதர்போர்டுகள் தம் சொந்தப் படவழியை மூடிவிடுகின்றன. எனவே திரை இருளும். கேபிளைக் கார்டின் துளைக்கு மாற்றினால் போதும், காலணாச் செலவில்லை.

அடுத்தது மின்சாரம். கார்டைத் தாங்கும் ஸ்லாட் 75 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தனிக் கேபிள் செருக வேண்டும். ஆறு முனைக் கேபிள் 75 வாட், எட்டு முனைக் கேபிள் 150 வாட் தரும். ஆகவே ஓர் எட்டு முனைக் கேபிள் கேட்கும் கார்டுக்கு 75 + 150 = 225 வாட் வரை கிடைக்கிறது. கேபிளைச் செருகாமல் விட்டால் விசிறி சுழன்றாலும் படம் வராது. ப்ராசஸருக்குரிய எட்டு முனைக் கேபிளும் பார்வைக்கு ஏறத்தாழ இப்படியே இருக்கும். ஆனால் அதன் கம்பிகள் இடம் மாறியவை. அதைக் கார்டில் வலிந்து திணிக்கவே கூடாது.

இவை சரியாக இருந்தால் பெட்டியைத் திறக்கலாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தைப் போக்கிக் கொள்வது அவசியம். இது அண்ணன்மார் வேலை என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. திருப்புளி பிடிக்க நம் கைகளுக்கும் தெரியும். கார்டைக் கழற்றி, ஸ்லாட்டின் கொக்கி "டக்" என்று பூட்டிக்கொள்ளும்வரை நேராக அழுத்த வேண்டும். வேலையின்போது கை பட்டு ராம் அசைந்திருந்தால் அதையும் அழுத்திவிடுவோம்.

கணினி தானே குறையைச் சொல்வதும் உண்டு. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி., படம் காட்டும் கார்டில் கோளாறென்றால் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் எழுப்பியது. இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் அதற்குப் பதிலாக வி.ஜி.ஏ. என்று பெயரிட்ட சிறு விளக்கு எரிகிறது.

சில வேளைகளில் குறை கார்டினுள் எழுதப்பட்ட மென்பொருளில் இருக்கும். டிஸ்ப்ளே போர்ட் 1.3, 1.4 வகை மானிட்டர்களுடன் தன் சில கார்டுகளை இணைத்தால் விண்டோஸ் தொடங்கும்வரை திரை இருண்டிருக்கக்கூடும் என்று என்விடியா நிறுவனமே 2018இல் அறிவித்து, திருத்தும் மென்பொருளையும் வெளியிட்டது. கேபிள் வகையை மாற்றி, எச்.டி.எம்.ஐ. வழியே இணைத்துப் பார்ப்பது இங்கே நல்ல உபாயம்.

தொடக்கத்தில் நிறுவனத்தின் சின்னம் தோன்றி, விண்டோஸ் வரும்போது மட்டும் திரை இருண்டால் மகிழ்ச்சியடையலாம். கார்டு உயிரோடிருக்கிறது! பழைய கார்டின் டிரைவர் இடைஞ்சல் செய்கிறது என்று ஐயுறலாம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மீண்டும் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோடில் நுழைந்து, பழைய டிரைவரை நீக்கிப் புதியதை நிறுவ வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, நன்கு இயங்கும் வேறொரு கணினியில் அக்கார்டைப் பொருத்திப் பார்ப்போம். அங்கும் திரை இருண்டால்தான் ரசீதையும் கார்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும்.