முதலில் டப்பா, பிறகு பை

தம்பி, போன வாரம் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அமெரிக்க வேட்டைக்காரர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறும் பை. பச்சையும் பழுப்புமாக இலை போட்ட துணி, இடுப்பில் கட்ட அகலமான பட்டை, பக்கத்துக்கு நான்கு பக்கிள். “அக்கா, டியூட்டிக்கும் ஆகும், ஞாயிற்றுக்கிழமை கறி, மீன் வாங்கி வரவும் ஆகும். எடுக்கலாமா?” என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொன்னால் உனக்குப் பயன்படாது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அந்தப் பை எதற்காகப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள். அங்கே ஒருவர் விடியலில் சாப்பாடும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவார். மான் கிடைத்துவிட்டால் வெட்டிய கறியை அதே பையில் சுமந்து பல மைல் நடந்து திரும்ப வேண்டும். அதற்காகச் சட்டம் தனி, பை தனி என்று பிரியும்படி செய்திருக்கிறார்கள். கறி இரண்டுக்கும் நடுவில், முதுகை ஒட்டி உட்காரும். சாப்பாடும் சட்டையும் இருக்கிற பக்கம் ரத்தம் வராது. கறியைப் பிளாஸ்டிக்கில் போட்டு அடைக்கவும் மாட்டார்கள். காற்றுப் புகும் மெல்லிய துணிப்பையில் கட்டுவார்கள், உடற்சூடு வெளியேறட்டும் என்று.

நம் ஊரில் அந்த வேலைக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல், கௌதாரி, மான் எதையும் பிடிக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது. முந்திரித் தோப்புப் பக்கம் முயல் கிடைத்தது, பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது கூப்பிட்டால் நீ போகாதே. இதை அக்காவாகக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆனால் அந்தப் பையில் உள்ள மூன்று யோசனைகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். கறி மற்ற சாமானோடு சேரக்கூடாது. எடை முதுகை ஒட்டி இருக்க வேண்டும். எடுத்து வருவதற்கு முன்னாலேயே சூடு தணிய வேண்டும்.

நம்முடைய தேவை என்ன? நம் சுரங்க டவுன்ஷிப்புக்குள் மெயின் பஜாரிலோ, மந்தாரக்குப்பத்திலோ கறி வாங்கினால் கால் மணி நேரத்தில் வீடு. அதற்கு மஞ்சப்பையும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் போதும். சிக்கல் கடலூர் முதுநகர் போய் மீன் வாங்கும்போதுதான். குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக வண்டியில் 35, 40 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நம் வெயிலில் அந்த ஒரு மணி நேரம் ரொம்ப நீளம். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் பச்சைக் கறியும் மீனும் குளிர்ச்சி இல்லாமல் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்புக் கணக்கு. இங்கே சித்திரை, வைகாசியில் எத்தனை மணிக்கு 32-ஐத் தாண்டும் என்று உனக்கே தெரியும்.

ஆகையால் முதலில் டப்பாவை வாங்கு, பிறகு பையைத் தேடு. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கல்யாணமான புதிதில் நல்ல துணி, நல்ல ஜிப் என்று பார்த்துப் பார்த்து ஒரு பை வாங்கினேன். மீனைக் கவரில் கட்டி அதற்குள் வைத்துப் பஸ்ஸில் வந்தேன். குறிஞ்சிப்பாடி தாண்டுவதற்குள் கவர் கிழிந்து, ஐஸ் கரைந்த தண்ணீர் பக்கத்து சீட்டு அம்மாவின் புடவையில் வழிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, முந்தானையை மட்டும் இழுத்துக்கொண்டார். இன்றைக்கும் அது நெஞ்சில் நிற்கிறது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் அந்தப் பிளாஸ்டிக் கவருக்குத் தடை. டப்பா எடுத்துப் போகிற பழக்கம் திரும்பியிருப்பதில் எனக்கு உள்ளபடியே சந்தோஷம்.

டப்பா எவ்வளவு பெரிது? மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போட வேண்டும். 2 கிலோ மீன் என்றால் 2 கிலோ உடைத்த ஐஸ். இது கஞ்சத்தனம் பார்க்கிற இடமில்லை. 30 டிகிரியில் இருக்கிற 2 கிலோ மீனைப் பூஜ்யத்துக்கு இறக்கவே அரை கிலோவுக்கு மேல் ஐஸ் கரைந்துவிடும். மிச்ச ஐஸ்தான் வழியில் வெயிலோடு சண்டை போட வேண்டும். இரண்டும் சேர்ந்து அடங்க 8 லிட்டர் டப்பா வேண்டும். சதுரமாக, மூடியில் ரப்பர் வளையமும் நாலு பக்கமும் கிளிப்பும் உள்ளதாகப் பார். வட்டத் தூக்கு கையில் பிடித்து வர அழகு, முதுகில் உருளும். கடையில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்க்கக் கூச்சப்படாதே.

கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் மறுபடி ஐஸ். குடலை மட்டும் எடுக்கச் சொல், துண்டு போடுவதை வீட்டில் வைத்துக்கொள். வெட்டிய பரப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் கெடும். கானாங்கெளுத்தி, சூரை வாங்கினால் இரட்டைக் கவனம். அந்த வகை மீன் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். பல வீடுகளில் இதை மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொண்டு அந்த மீனையே விட்டுவிடுகிறார்கள். அது மீனின் குற்றம் இல்லை, வழியில் ஐஸ் இல்லாத குற்றம்.

ஆட்டுக்கறிக்கு வேறு பக்குவம். அப்போதுதான் வெட்டிய கறி வெதுவெதுப்பாக இருக்கும். அதை உடனே மூடி அடைத்தால் அந்தச் சூடு உள்ளேயே நிற்கும். தட்டில் பரப்பிக் கொஞ்சம் ஆறவிட்டு, தேக்கு இலையிலோ தாமரை இலையிலோ சுற்றித் தனி டப்பாவில் வை. மீன் டப்பாவில் சேர்க்காதே, கறியின் சூடு ஐஸைத் தின்றுவிடும். நண்டு உயிரோடு இருந்தால் அதற்கு டப்பாவே வேண்டாம், ஈரச் சாக்குத் துண்டு போதும்.

இப்போது அந்த டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு பைக்கடைக்குப் போ. டப்பா படுக்காமல் நேராக உள்ளே இறங்க வேண்டும், எடுக்கும்போது ஜிப்பில் சிக்கக் கூடாது. உனக்கு 28 முதல் 32 லிட்டர் பை சரியாக இருக்கும். கீழ்ப்பக்கம் வரை முழுதாகத் திறக்கிற பையை எடு, சூட்கேஸ் மாதிரி. மேலே மட்டும் வாய் உள்ள பையில் அடியில் சிந்தியதைத் துடைக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. நீ டியூட்டி பார்க்கிற சுரங்கத்து கேட்டில் சிஐஎஸ்எஃப்காரர்கள் பையைப் பார்ப்பார்கள். ஒரே இழுப்பில் விரிகிற பை என்றால் உனக்கும் நிம்மதி, பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் நிம்மதி. அதே காரணத்தால்தான் அந்த இலை போட்ட துணி வேண்டாம் என்கிறேன். ராணுவ உடுப்பு போலத் தெரிகிற எதையும் காவல் உள்ள இடத்துக்கு எதற்கு எடுத்துப் போக வேண்டும்? சாம்பல் நிறமோ கருநீலமோ எடு. உள்துணி மட்டும் வெளிர் நிறமாக இருக்கட்டும், ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கண்ணுக்குத் தெரியும்.

துணிக்கு டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் அது. 600 இருந்தால் போதும். நான் துணியைவிடத் தையலைத்தான் பார்ப்பேன். தோள் பட்டை பையோடு சேருகிற இடத்தில் கட்டமும் குறுக்குக்கோடுமாக அடித்திருக்கிறதா? ஒற்றை வரித் தையல் என்றால் வைத்துவிட்டு வந்துவிடு. பல் பெரிதான ஜிப்பாக இருக்கட்டும். நம் ஊர்க் கரித்தூள் சின்னப் பல்லுக்குள் ஏறினால் மூன்று மாதத்தில் ஜிப் நகராது. வாரம் ஒரு தடவை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடு.

முதுகுப் பக்கம் கெட்டியான பலகை போன்ற தகடு இல்லாத காலேஜ் பையில் டப்பாவின் மூலை விலாவில் குத்தும். தகடு உள்ளது கிடைக்காவிட்டால் பழைய யோகா விரிப்பை அளவாக வெட்டி முதுகுக்கும் டப்பாவுக்கும் நடுவில் செருகு. குத்தாது. உன் உடம்புச் சூடு ஐஸுக்குப் போகாது, ஐஸின் சில்லிப்பு உன் முதுகுக்கு வராது. எங்கள் வீட்டில் ஆறு வருடமாக ஒரே விரிப்புத் துண்டுதான் ஓடுகிறது.

அளவு பார்க்க ஒரு வழி. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஒரு எலும்பு முட்டும். அதிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரைக்கும் உள்ள நீளம்தான் உன் முதுகு நீளம். அதைவிட நீண்ட பை பின்பக்கம் இடிக்கும். மீன், ஐஸ், கறி, டிபன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்தால் 8 கிலோ வரும். நடக்கும்போது அந்த எடையை இடுப்புப் பட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், தோள் அல்ல. வண்டியில் போகும்போது பையின் அடி சீட்டில் லேசாக உட்காரும்படி தோள் வாரைத் தளர்த்து. நெஞ்சுப் பட்டையைக் கட்டாயம் போடு. சாம்பல் லாரி உரசினாற்போலப் போகும்போது அடிக்கிற காற்றில் தொளதொளப் பை உன்னையே ஒரு பக்கம் இழுக்கும். ஹேண்டில்பாரில் எதையும் மாட்டாதே.

ஒன்று கேள். நைட் ஷிப்ட் முடித்த கையோடு கடலூருக்கு வண்டி எடுக்காதே. மீன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். அன்றைக்கு மந்தாரக்குப்பத்தில் கோழிக்கறி போதும், தூங்கு. முதுநகருக்கு வார விடுப்பில், தூங்கி எழுந்து, விடியலில் போ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது பெரிய மீன் குறைவு, விலையும் ஏறும். தைப்பூசத்தன்று கறிக்கடை திறக்காது, வடலூர்ச் சாலையில் வள்ளலாரின் ஜோதி தரிசனத்துக்கு வருகிற கூட்டத்துக்கு நடுவே வண்டி ஓட்டவும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் ரத்தம் துணியிலேயே உறைந்துவிடும். அப்புறம் சோப்பு. மீன் வாடைக்குப் புளித்தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடு. அந்த வாடை காரத்தன்மை உள்ளது, புளிப்பு அதை அடக்கும். அம்மா அம்மியைக் கழுவும்போது செய்ததும் இதுதான். பிறகு உள்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் போடு. டியூட்டி ஷூவும் சட்டையும் எப்போதும் பையின் முன் அறையில், டப்பா முதுகு அறையில். மாற்றாதே.

அப்பா சைக்கிளில் கறி வாங்கப் போகும்போது அம்மா ஒயர் கூடைக்குள் ஒரு துண்டு லெக்கோ போட்டு அனுப்புவார், நினைவிருக்கிறதா? நம் ஊர்ப் பழுப்பு நிலக்கரியைச் சுட்டுச் செய்த அடுப்புக்கரி. காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க என்பார். உச்சி வேளையில் கறி எடுத்து வராதே என்றும் சொல்வார். அதில் காத்துக் கருப்பைவிட வெயிலின் பயம்தான் அதிகம் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பை வாங்கியதும் மீன் வாங்க ஓடாதே. டப்பாவில் தண்ணீர் நிரப்பி மூடி, பைக்குள் வைத்து, க்வார்ட்டர்ஸைச் சுற்றி அரை மணி நேரம் நட. எந்த இடத்தில் அழுத்துகிறது, எங்கே ஈரம் கசிகிறது என்று பார்த்துச் சொல். சரியாக இருந்தால் அடுத்த ஞாயிறு நீயும் நானுமாகப் போவோம். சங்கரா உனக்கு, நெத்திலி எனக்கு.