கிரகணம் திருப்பிய காலா?

"கிரகணத்தன்னிக்கு அருவாமணையில உட்காராதேன்னு அவ்வளவு சொன்னேனே!"

மாவுக்கட்டு போடும் நாளில் எங்கள் ஓ.பி. வாசலில் இந்த வசனம் காதில் விழாமல் நான் வீடு திரும்பியதில்லை. சொல்பவர் மாமியார், சில நேரம் பக்கத்து பெஞ்சுக்காரர்கூட. தலைகுனிந்து கேட்பவள் ஒரு பச்சை உடம்புக்காரி. மடியில், பாதம் உட்பக்கம் மடங்கிய பிள்ளை.

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பல பிள்ளைகளுக்கு இந்த வளைவு தெரிந்துவிடுகிறது. எட்டாம் மாதம் நறுக்கிய கத்தரிக்காய் பின்னோக்கி நடந்து போய்க் காலைத் திருப்பியதா? வளைபாதம் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வருகிறது. அதிலும் பெண்ணைவிட ஆணுக்கு இரண்டு மடங்கு. ராகுவும் கேதுவும் ஆண்பிள்ளையாகப் பார்த்தா பிடிக்கிறார்கள்? பரம்பரைக்குப் பங்கு உண்டு. முழுக் காரணம் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. பிடிபடாத இடத்திலெல்லாம் மருமகளை நிறுத்துவது என்ன வழக்கமோ!

வெறும் வாய்ப்பேச்சுதானே என்று விட முடியாது. பழி சுமந்தவள் பிள்ளையின் காலைத் துணியில் மறைக்கிறாள், தாமதமாக வருகிறாள். மனம் நொந்தவளுக்குப் பால் சுரந்து இறங்கவும் தயங்கும். எங்களுக்கோ அந்தப் பால்தான் வேண்டும். பசியில் உதறும் காலில் கட்டு சரியாக உட்காராது. பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கால் துவண்டு கிடக்கும்.

கட்டோடு பால் கொடுக்கக் கூடாது என்பதும் பொய். கட்டுக்கடியில் தலையணை வைத்துத் தாராளமாகக் கொடுங்கள். விரல் நீலம் பாரித்தாலோ, கட்டுக்குள் இழுத்துக்கொண்டாலோ உடனே ஓடி வாருங்கள். எண்ணெய் தேய்த்து நீவினால் நிமிருமா? நிமிராது. டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி காட்டிய முறையில் வாரம் ஒரு கட்டு, பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு; பலருக்குக் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு; பிறகு கம்பி வைத்த ஷூ. கால் நேராகிவிட்டதே, ஷூ எதற்கு என்பவர்களே, முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நான்கு வயதுவரையாவது தூக்கத்தில். விட்டால் திரும்ப வளையும்.

இன்னொன்று. கட்டு நாளுக்கென்று ஒரே நர்ஸை நிரந்தரமாகப் போடுங்கள் என்று நர்ஸான நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். டியூட்டியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நான் இல்லாத வாரம் வந்த ஒரு தாய், "அந்த சிஸ்டர் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாளாம். அடுத்த வாரம் என்னிடம் பிள்ளையின் சாக்ஸைக் கழற்றிக் காட்டினாள். குதிகாலில் புண்.