சவலைக்குக் காரணம் பாலா?

அன்பின் பிள்ளைக்கு,

உமது கடிதம் வந்த நாளிலிருந்து கொஞ்சம் கோபமாய்த்தான் இருக்கிறேன். உம்மோடு அல்ல. கரவெட்டியில் நீர் பயிற்சிக்குப் போன வீட்டில் ஆறு மாதக் கர்ப்பிணி. மூத்த பெடியனுக்கு ஒன்றேமுக்கால் வயது. அவனைப் பால் மறப்பிக்க வேப்பெண்ணெய் பூசினார்களாம், அவன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் குடித்தானாம். கெட்டிக்காரன்! வயிற்றுப் பிள்ளையின் பாலை மூத்தது குடித்தால் வயிற்றோட்டம் வரும், சவலையாய்ப் போகும் என்று மாமியார் சொன்னதை எழுதி, "இது வெறும் மூடநம்பிக்கைதானே சேர்?" என்று கேட்டிருந்தீர். மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. அந்த மனுசி கண்ணால் கண்டது மெய். அதற்குச் சொன்ன காரணம்தான் பிழை.

முதலில் வயிற்றோட்டம். நாலாம் ஐந்தாம் மாதமளவில் புரொஜெஸ்தரோன் ஏறி நிற்பதால் பால் குறையும். பிறகு ஊறுவது சீம்பால். அதில் உப்புக் கூடுதல், கொஞ்சம் பேதிக் குணமும் உண்டு. பிறந்த சிசுவின் கரிய மலத்தை இறக்கிவிட அது வேண்டியிருக்கிறது. ஒன்றேமுக்கால் வயதுக்காரன் குடித்தாலும் அது அதே வேலையைத்தான் பார்க்கும்: மலம் இளகும். அது நோயே இல்லை. சீம்பாலை மூத்தவன் குடித்துத் தீர்த்துவிடுவான் என்ற பயமும் வேண்டாம். பிரசவம்வரை அது சுரந்துகொண்டே இருக்கும். சுவை மாறுவதாலும் அளவு குறைவதாலும் பிள்ளைகளில் பலர் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். கர்ப்பத்திலும் பால் கொடுத்த 503 தாய்மாரை விசாரித்து நைல்ஸ் நியூட்டனும் இன்னொருவரும் 1979-இல் எழுதினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் பிரசவத்துக்கு முன்பே பாலை மறந்துவிட்டிருந்தன.

இனிச் சவலை. இதைப் பற்றி எனக்கொரு பழைய வாதம் இருக்கிறது. ஆயுர்வேதம் படித்த நண்பர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய, மாதவர் எழுதிய மாதவ நிதானம் என்ற வைத்திய நூலில் பாரிகர்ப்பிகம் என்றொரு பாலரோகம் வருகிறது. கர்ப்பிணித் தாயிடம் பால் குடிக்கும் பிள்ளைக்கு இருமல், பசிமந்தம், சத்தி, சோர்வு, மெலிவு, வயிறு பெருத்தல். மாமியாரின் பயத்துக்கு இவ்வளவு வயது. இப்போது 1933-க்கு வாரும். ஜமெய்க்காவில் பிறந்த வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், இன்றைய கானாவான கோல்ட் கோஸ்டில், ஒன்று முதல் நாலு வயதுவரையான பிள்ளைகளில் ஒரு நோயை விவரித்தார். கைகால் வீக்கம், தோல் உரிதல், வயிற்றோட்டம், ஓயாத சிணுங்கல். இதுதான் குவாஷியோர்கர். தாய்க்கு அடுத்த பிள்ளை வந்தவுடன் இவர்களுக்குப் பால் நின்றுபோகும். அதன் இடத்தில் சோளக் கஞ்சி. புரதம் ஒன்றுதான் காரணமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் தாய் மறுபடி கர்ப்பமாகும் அதே வேளையில் மூத்தது தேய்கிறது என்பதை மாதவரும் பார்த்தார், வில்லியம்ஸும் பார்த்தார். ஒருவர் மார்பைக் குற்றம் சொன்னார், மற்றவர் கஞ்சிச் சட்டியைப் பார்த்தார். (அந்த அம்மையாரை வாசிக்கத் தொடங்கினால் விடமாட்டீர். 1939-இல் சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டு, பிள்ளைகளுக்குத் தகரப்பால் விற்பவர்களை மேடையில் வைத்தே வெளுத்துவாங்கியவர்.)

நீர் போன வீட்டில் சோளக் கஞ்சி இராது. தேத்தண்ணியில் நனைத்த விசுக்கோத்து இருக்கும். பாலை வேப்பெண்ணெயால் விரட்டிவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தால், மாமியாரின் சொல் தானாகவே பலிக்கும்.

பால் கொடுத்தால் கரு கலையும் என்பார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை உறிஞ்ச ஒட்சிற்றோசின் சுரப்பது உண்மை. ஆனால் கருப்பையில் அதை ஏற்கும் வாங்கிகள் கர்ப்பத்தின் கடைசிவரை குறைவு. கை கதவைத் தட்டும், உள்ளே கேட்க ஆளில்லை. தாம்பத்தியத்திலும் அதே ஒட்சிற்றோசின்தான் சுரக்கிறது. அதைத் தடுக்காமல் பாலை மட்டும் தடுக்கிற வைத்தியரிடம் காரணம் கேட்க வேண்டும். தலையை நிமிர்த்தாமல் "நிற்பாட்டு" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது வைத்தியமா? ஆனாலும் முந்திய குறைமாதப் பிரசவம், இரத்தக்கசிவு, இரட்டைக் கரு, கருப்பைக் கழுத்துத் தளர்வு, இவற்றில் ஏதாவது இருந்தால் நீரும் நானும் கதைத்து முடிவெடுக்கக் கூடாது. மந்திகை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

"இவ்வளவு பெரிய பிள்ளை இன்னும் குடிக்கிறதோ" என்று சிரிப்பவர்களும் அங்கே இருப்பார்கள். வைகாசி மூலத்தில் சம்பந்தர் குருபூசைக்குப் போய் உருகுகிறவர்களும் இவர்கள்தான். சீர்காழிக் குளக்கரையில் பாலுக்கு அழுதபோது சம்பந்தருக்கு மூன்று வயது. உலக சுகாதார அமைப்பும் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் என்றுதான் சொல்கிறது.

உண்மையில் இதில் பாரம் சுமப்பவள் தாய். குவாத்தமாலாக் கிராமங்களில் செய்து 1990-இல் வெளியான ஆய்வில், பாலும் கர்ப்பமும் ஒன்றாய் நடந்த தாய்மாரின் உடற்கொழுப்புக் குறைந்தது. கொடுத்த சத்துணவை அவர்கள் கூடுதலாய் வாங்கி உண்டார்கள். பிறந்த பிள்ளையின் நிறையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. லீமாவில் 2002-இல் வந்த ஆய்வு இன்னொன்று சொல்கிறது: இப்படிப் பிறந்த சிசுக்கள் முதல் மாதத்தில் கொஞ்சம் குறைவாய் நிறை ஏறின. மறைக்க வேண்டாம், இதையும் அந்தத் தாய்க்குச் சொல்லும். அதனால்தான் பிரசவமானதும் புதுப்பிள்ளைக்கு முதல் பால், மூத்தவனுக்குப் பிறகு.

அவ கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். முலைக்காம்பு நோவு தாங்காமல் நிறுத்த விரும்பினால் அதுவும் அவவின் முடிவு. நிறுத்துவதென்றால் பகல் பால் ஒவ்வொன்றாய் முதலில் போகட்டும், இரவுப் பால் கடைசியில். பெடியனுக்குப் பயறு, முட்டை, முருங்கையிலை, முள் நீக்கிய சூடை மீன். கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷாவை முழு வீடும் பங்குபோட்டுச் சாப்பிடுகிறதா என்று பாரும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறாவா என்றும் கேளும். மாமியாரோடு சண்டைக்குப் போகாதேயும். அவவுக்குச் சீம்பாலின் கதையைச் சொல்லும், விளங்கிக்கொள்ளுவா.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர், தாயின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. கிளினிக் அட்டையைப் பார்த்து உடனே எழுதும்.

இப்படிக்கு,
உமது பழைய வாத்தியார்