சேர்வராயன் மலையும் மனச்சோர்வின் மரபணுவும்

மனச்சோர்வு நோய் என்று மருத்துவம் குறிப்பிடுவது ஓரிரு நாள் வாட்டத்தை அல்ல. சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கோளாறு, பசி மாற்றம், களைப்பு, உடல் அசைவில் மந்தம் அல்லது பதற்றம், குற்றவுணர்வு, கவனக்குறைவு, சாவைப் பற்றிய நினைப்பு என ஒன்பது அறிகுறிகள். முதல் இரண்டில் ஒன்றாவது சேர்ந்து, மொத்தம் ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் விடாமல் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். இந்தக் கணக்கிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரே நோய்ப்பெயர் பெற்ற இருவருக்கு ஒரேயொரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். ஒருவர் உண்ணாமல் உறங்காமல் இளைத்துப்போவார். இன்னொருவர் நாளெல்லாம் தூங்கி, கண்டதைத் தின்று பருத்துப்போவார். இருவருக்கும் ஒரே மரபணுதான் காரணம் என்று எதிர்பார்ப்பது ஆரம்பத்திலேயே அடிசறுக்குகிற எதிர்பார்ப்பு.

பரம்பரை பற்றிய நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்க சேர்வராயன் மலை ஏற்ற இடம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரம். ஒரே வம்சக் கதை சொல்லும் பழங்குடி, சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம், மார்கழிப் பனிமூட்டம், விலை ஏறி இறங்கும் காபி ஆகிய நான்கும் இங்கே கூடியிருக்கின்றன. மனச்சோர்வுக்குக் காரணமாக ஊரில் சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

நம்பிக்கை: மனச்சோர்வுக்கென்று ஒரு மரபணு இருக்கிறது.

ஒற்றை மரபணு நோய்கள் உண்டு. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் செல் தன்மையைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் பதிவு. ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், அந்தத் தன்மை வந்துவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்து சேர்ந்தால் நோய். ரத்தப் பரிசோதனை செய்தால் உண்டு, இல்லை என்று பதில் கிடைக்கும்.

மனச்சோர்விலும் இப்படி ஒன்று கிடைத்துவிட்டதாக உலகம் ஒருமுறை நம்பியது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட 847 பேரை வைத்து, 2003-இல் காஸ்பியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செரோட்டோனின் கடத்தி மரபணுவின் குட்டை வடிவம் உடையவர்களை வாழ்க்கையின் அடிகள் கூடுதலாகச் சாய்க்கின்றன என்பது அதன் முடிவு. கதை அழகாக இருந்ததால் வேகமாகப் பரவியது. அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன. 2009-இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வாழ்க்கையின் அடிகளுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு உறுதியாக நின்றது. மரபணுவின் பங்கு நிற்கவில்லை. 2019-இல் பார்டர் குழுவினர் இந்த மரபணுவையும் சேர்த்து, அதுவரை புகழ்பெற்றிருந்த 18 மரபணுக்களை எடுத்து, சில சோதனைகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவில் தேடினார்கள். எந்த மரபணுவும் தேறவில்லை. பதினைந்து ஆண்டு உழைப்பு இப்படிக் கரைந்ததை மறைக்காமல் பதிவு செய்தது அந்தத் துறைக்குப் பெருமைதான்.

இன்றைய படம் வேறு. 2025 ஜனவரியில் வெளியான பன்னாட்டு ஆய்வு 29 நாடுகளைச் சேர்ந்த சுமார் 50 லட்சம் பேரின் மரபணுத் தரவை அலசியது. அவர்களில் ஏறத்தாழ 6,88,000 பேர் மனச்சோர்வு நோய் கண்டவர்கள். நோயோடு தொடர்புடைய 697 மரபணு மாறுபாடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பலமும் மிகச் சிறியது. அவற்றில் பல எல்லோரிடமும் ஏதோ ஓர் அளவில் இருப்பவை. நோயே வராதவர்களிடமும் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

நம்பிக்கை: ஒரே வம்சமாக மலையில் ஒதுங்கி வாழ்பவர்களிடம் அந்த மரபணு தேங்கியிருக்கும்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர், கேரளத்தவர் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், மூத்தவரின் வழியினர் சேர்வராயன் மலையில் தங்கினார்கள் என்பது அவர்களின் வம்சக் கதை. மற்ற இருவரும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனதாகச் சொல்வார்கள். மாமன் மகள், அத்தை மகளைக் கட்டும் வழக்கமும் உண்டு. சிலர் கிளம்பி வந்து, தமக்குள்ளேயே மணந்து பெருகிய சமூகங்களில் சில மரபணு மாற்றங்கள் செறிந்துவிடும் என்பது அறிவியலும் ஒப்புக்கொள்ளும் செய்தி. ஆரிய வைசியச் சமூகத்தினரிடம், அறுவை சிகிச்சைக்கு முன் தரப்படும் ஒருவகைத் தசைத் தளர்வு மருந்தைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு மிகுந்திருப்பதை 2017-இல் வெளியான இந்திய மக்கள்தொகை மரபணு ஆய்வு எடுத்துக்காட்டாகச் சுட்டியது. ஆனால் அதுவும் ஒற்றை மரபணுக் குறைபாடு.

மனநிலை நோய்களில் இந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் மக்களின் கதையைச் சொல்லலாம். வெளியே மணம் செய்யாத, குடிப்பழக்கம் அரிதான, வம்சாவளியைத் துல்லியமாக எழுதிவைக்கிற விவசாயச் சமூகம் அது. ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று தோன்றியது. 1987-இல் ஜேனிஸ் எகிலண்டும் சகாக்களும், சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருப்பதாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அது சரிந்தது. நோயில்லாதவர்கள் என்று கணக்கில் சேர்த்திருந்த இருவருக்குப் பிறகு நோய் வந்தது. குடும்பத்தின் மற்ற கிளைகளையும் சேர்த்ததும் தொடர்பு மறைந்துபோனது. அவ்வளவு பேர் சேர்ந்து கட்டிய முடிவு, இரண்டு பேருக்கு நோய் கண்டதில் ஆட்டம் கண்டது. வயது ஏறஏற வெளிப்படும் நோயில், இன்று நலமாக இருப்பவரை ‘நோயில்லாதவர்’ என்று எழுதிவைப்பதே ஆபத்தான வேலை.

உறவுமுறைத் திருமணத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. ஆகவே இது மலைக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. தாய், தந்தை இருவரிடமும் ஒரே குறை ஒளிந்திருந்தால் பிள்ளைக்கு வெளிப்படும் நோய்களுக்குத்தான் இத்தகைய திருமணம் நேரடியாக வழிவிடுகிறது. மனச்சோர்வு அந்த வகை நோய் அல்ல. இரு பக்கத்துக்கும் பொதுவான தாத்தா பாட்டி வழியில் நோய் மிகுந்திருந்தால், அந்தச் சாய்வு இரு வழியாகவும் பிள்ளையை எட்டலாம். அதற்கு மேல் அந்தத் திருமணத்தின் தலையில் பழி போடுவதற்கில்லை.

நம்பிக்கை: தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வந்தே தீரும்.

மனச்சோர்வு குடும்பங்களில் கூடிக் காணப்படுவது உண்மை. தாய், தந்தை, உடன்பிறந்தோர் இவர்களில் ஒருவருக்கு நோய் இருந்தால் தனக்கும் வரும் வாய்ப்பு இரண்டரை முதல் மூன்று மடங்கு கூடுகிறது. 2000-இல் சல்லிவன், நீல், கெண்ட்லர் மூவரும் இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து மரபுவழிப் பங்கு 37 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். 2006-இல் ஸ்வீடனின் 15,493 இரட்டையர் ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வில் 38 சதவீதம். பெண்களில் 42, ஆண்களில் 29.

அதிகம் தவறாகப் படிக்கப்படும் எண் இந்த 37 தான். நோயாளியின் பிள்ளைக்கு நோய் வர 37 சதவீதம் வாய்ப்பு என்று இதற்குப் பொருள் கிடையாது. ஒருவருடைய நோயில் 37 பங்கு மரபணு, மீதி 63 பங்கு சூழல் என்றும் பிரிக்க முடியாது. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவை மரபணு வேறுபாடுகளால் விளக்கலாம் என்பதே அந்தக் கணக்கு. சூழல் மாறினால் எண்ணும் மாறும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமலே போவது அரிதல்ல.

சூழலின் எடைக்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 2009-இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில் 25,455 பேரை விசாரித்ததில் 15.1 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் தெரிந்தன. குறைந்த வருமானத்தாரில் இது 19.3, உயர்ந்த வருமானத்தாரில் 5.9. மும்மடங்குக்கும் மேலான இந்த இடைவெளியை மரபணுவால் விளக்க முயல்வது வீண். நோய் வந்து வேலை போய் வறுமையில் விழுந்தவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்பிக்கை: மனச்சோர்வு எல்லாம் ஒன்றுதான்.

மரபணு ஆய்வு தந்த பயனுள்ள செய்தி இங்கேதான் இருக்கிறது: வகைக்கு வகை மரபுச் சாயல் மாறுகிறது.

மெலன்கோலிக் வகையில் விடியுமுன் விழிப்பு வந்துவிடும். காலையில் மனம் மிகவும் கனத்து மாலையில் சற்று இளகும். நல்ல செய்தி வந்தாலும் முகம் மலராது. பசி போய் உடல் இளைக்கும். 2015-இல் சீனாவில் நடந்த கான்வெர்ஜ் ஆய்வு, திரும்பத் திரும்பக் கடும் மனச்சோர்வுக்கு ஆளான ஹான் இனப் பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. நோயுள்ளோர் 5,303 பேர், இல்லாதோர் 5,337 பேர். 10-ஆம் குரோமோசோமில் இரண்டு இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. மெலன்கோலிக் வகையினரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அவற்றில் ஒன்றின் அடையாளம் மேலும் வலுத்தது. லட்சம் பேரைக் கலவையாகச் சேர்ப்பதைவிட ஒரே மாதிரி நோயுள்ள சில ஆயிரம் பேர் கூடுதலாகச் சொல்லக்கூடும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்த இரு இடங்களும் அதே வலுவுடன் தென்படவில்லை.

இதற்கு நேர் எதிரானது, தூக்கமும் பசியும் கூடி, கைகால் ஈயம்போல் கனக்கும் வகை. பசியும் எடையும் கூடுகிற நோயாளிகளிடம் உடல் பருமன், அழற்சி, பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் ஆகியவற்றோடு தொடர்புடைய மரபணு மாறுபாடுகள் மிகுந்திருப்பதை மிலனெஸ்கி குழுவினர் 2017-இல் காட்டினார்கள். ஆகவே இந்த வகையினருக்குச் சர்க்கரை, கொழுப்பு அளவுகளையும் பார்ப்பது புத்திசாலித்தனம். தின்று தூங்குகிறவருக்கு என்ன கவலை என்று வீட்டார் கேட்பதும் இவர்களைப் பார்த்துத்தான்.

பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வுக்கு மரபுவழிப் பங்கு கூடுதல். 2016-இல் வெளியான ஸ்வீடன் இரட்டையர் ஆய்வு அதை 54 சதவீதம் என்றது. மற்றக் காலங்களில் வருவதற்கு 32. அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிள்ளைப்பேற்றின்போது இப்படி இருந்ததா என்ற கேள்வியைக் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே கேட்டுவிடலாம், செலவில்லாத கேள்வி.

கடும் மனச்சோர்வில் சிலருக்குக் குரல்கள் கேட்கும். குலதெய்வத்துக்குப் பெருங்குற்றம் செய்துவிட்டேன், என்னால்தான் குடும்பம் அழிகிறது என்ற அசையாத நம்பிக்கை வரும். சாபம், செய்வினை என்ற பேச்சு பெரும்பாலும் இவர்களைச் சுற்றி எழுவது. அந்த நம்பிக்கையின் உள்ளடக்கத்தை ஊரின் பண்பாடு தருகிறது. ஆனால் அந்த நிலை மருத்துவ அவசரம். மின்னதிர்ச்சிச் சிகிச்சை நல்ல பலன் தரும் வகை இது.

நம்பிக்கை: மலைக் குளிரும் மூடுபனியும் மனதைச் சோர்த்துவிடும்.

பருவகால மனச்சோர்வு என்று ஒரு வகை உண்டு. நார்மன் ரோசன்தால் 1984-இல் அதை விவரித்தார். அதில் முக்கியக் காரணியாகக் கருதப்படுவது பகல் வெளிச்சம் சுருங்குவது. ஆஸ்லோ நகரில் டிசம்பரின் மிகக் குறுகிய பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. ஏற்காடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குள் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. மூடுபனி நாளில் மனம் மந்தமாக இருக்கலாம். அதை நோய்க்குக் காரணமாக்க இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

நம்பிக்கை: காரணம் இருந்தால் அது துக்கம், காரணமில்லாமல் வந்தால்தான் பரம்பரை நோய்.

உள்ளிருந்து வருவது, வெளிநிகழ்வால் வருவது என்று மனச்சோர்வை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் மருத்துவத்திலும் நெடுங்காலம் இருந்தது. அந்தக் கோடு நிலைக்கவில்லை. காபி விலை சரிந்து கடனில் மூழ்கியவர்கள் எல்லோரும் நோயாளியாவதில்லை. ஒரே அடியை ஒருவர் தாங்குவதிலும் இன்னொருவர் தளர்வதிலும் மரபணுவின் பங்கு உண்டு. காரணம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக, ஐந்து அறிகுறிகளோடு வாரக்கணக்கில் படுத்திருப்பவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்றாகிவிடாது.

நம்பிக்கை: ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்.

மனச்சோர்வைக் கண்டறியும் மரபணுப் பரிசோதனை எதுவும் கிடையாது. நூற்றுக்கணக்கான மாறுபாடுகளைக் கூட்டிப்போடும் இடர் மதிப்பெண், தனி ஒருவருக்கு நோய் வருமா வராதா என்று சொல்லும் தகுதியை எட்டவில்லை. அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து உருவானவை. மற்ற மக்களிடம் அவற்றின் துல்லியம் இன்னும் குறைகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2016 முதல் பலருக்கு மனநோய் கண்ட குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அதற்கு எடுத்துக்கொண்ட ஐந்து நோய்களில் இருதுருவ மனநோய் இருக்கிறது; மனச்சோர்வு இல்லை. சிஒய்பி2டி6, சிஒய்பி2சி19 ஆகிய மரபணுக்களைப் பார்க்கும் சோதனை வேறு. சில மாத்திரைகளை உடல் எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்பதை மட்டும் அது காட்டும்.

இன்றைக்குச் சிகிச்சையையே மாற்றக்கூடிய பரம்பரைத் தகவல் ஒன்று உண்டு: குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ மனநோய் இருந்ததா என்பது. அந்நோயின் மரபுவழிப் பங்கு 60 முதல் 85 சதவீதம் வரை. மனச்சோர்வைவிட மிக அதிகம். அது பலருக்கு மனச்சோர்வாகவே தொடங்கும். அப்போது மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மிகையெழுச்சி கிளம்பிவிடலாம். லித்தியம் போன்ற மனநிலைச் சீராக்கிகள் தேவைப்படும். தூக்கமே இல்லாமல் நாட்கணக்கில் பேசித் திரிந்த சித்தப்பா, திடீரென்று நிலத்தை விற்றுக் கண்டபடி செலவழித்த தாத்தா பற்றிய குடும்பக் கதைகளைச் சம்பந்தம் பேசும் நேரத்தில் மறைப்பதுபோல மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதல் நாளிலேயே சொல்ல வேண்டிய செய்தி அது. மலையிலிருந்து இறங்கி வர முடியாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே அழைக்கலாம்.