முதலில் போய்ச் சேர்ந்தவர் வேலையைத் தொடங்கட்டும்

புக்கிட் பெருந்துங்

அன்புள்ள மருமகனுக்கு அத்தை எழுதுவது.

வருகிற வைகாசியில் நீயும் எனக்கு மகளான உன் மனைவியும் யாழ்ப்பாணம் போய், தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகப் போவதாக உன் அப்பா சொன்னார். மனசு நிறைந்தது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாகவே தெற்கே இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் புகுந்து, குமனையையும் யாலவையும் கடந்து கதிர்காமத் திருவிழாவுக்குப் போய்ச் சேரும் நடை அது. ஏறக்குறைய ஒன்றரை மாதம். தைப்பூசத்துக்கு இங்கிருந்து பத்துமலைக்கு நடந்து பழகியவன் நீ, உன் கால் பலத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பத்துமலை நடை ஓர் இரவோடு முடிந்துவிடும். மறுநாள் வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம், அழுக்குத் துணி மெஷினில் போய்விடும். கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களுக்கு நடையோடு குடித்தனமும் தினம் உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீட்டில் எந்த வேலை யாருடையது என்ற வழக்கத்தை அப்படியே மூட்டை கட்டி அங்கே கொண்டுபோகாதே. வேலையைப் புதிதாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு யாருக்கு எவ்வளவு களைப்பு என்பதே அதற்கு அளவாக இருக்கட்டும்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பார். அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவமழை தீவின் மேற்குப் பக்கத்தோடு நின்றுவிடும். கிழக்கில் கச்சான் காற்றுதான், உதட்டை வெடிக்கவைக்கும் வறண்ட காற்று. ஆகவே விடியும் முன்பே புறப்பட்டு, வெயில் ஏறியதும் கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ ஒதுங்கி, பொழுது சாய்ந்ததும் மறுபடி நடக்க வேண்டும். தங்குமிடம் சேர்ந்த பிறகு இன்னொரு வேலைநாள் தொடங்கும். தண்ணீர் எடுக்க வேண்டும், இருட்டுவதற்குள் துணியை அலசிக் காயப்போட வேண்டும், படுக்க இடம் பிடித்துக் கூட்ட வேண்டும், மறுநாள் மூட்டையைக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலாகப் பாதம். வெறுங்காலோ செருப்போ, விரலிடுக்கில் மணலும் வியர்வையும் சேர்ந்தால் தோல் ஊறி வெள்ளையாகிவிடும். ஊறிய தோல் சீக்கிரம் உரிந்துவிடும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, குதிகாலின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். தன் குதிகாலைத் தானே சரியாகப் பார்க்க முடியாது. கணவனும் மனைவியும் ஒருவர் பாதத்தை மற்றவர் மடியில் வைத்துப் பார்ப்பதை அன்றாட வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கொப்புளத்தை முதல் நாளே கவனித்தால் மறுநாள் நடக்கலாம். அலட்சியம் செய்தால் ஒரு வாரம் நொண்ட வேண்டியிருக்கும்.

இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடப்பது அபூர்வம். நீ உயரம், எட்டி வைக்கிறவன். ஊரும் ஆளும் உள்ள சாலையில் அரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தால், அந்த அரை மணியும் உனக்கு ஓய்வு. பின்னால் வருகிற மகளுக்கு அந்த ஓய்வு கிடையாது. அவள் வந்து உட்கார்ந்ததும் துவைப்பதும் தண்ணீர் எடுப்பதும் அவள் பொறுப்பு என்றால், ஒரே தூரத்தை நடந்தும் அவளுடைய நாள் உன்னுடையதைவிட இரண்டு மணி நேரம் நீளம். நாற்பது நாளுக்கு அதைக் கூட்டிப் பார். எவ்வளவு அன்பு இருந்தாலும் உடம்பு அந்தக் கணக்கை மறக்காது. மூன்றாவது வாரத்தில் அது உப்புப் போதாத கஞ்சிக்கான சண்டையாக வெளியே வரும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் போய்ச் சேர்ந்தவர் வேலையைத் தொடங்கட்டும். அவள் வரும்போது தண்ணீர் இருக்கட்டும், பாய் விரித்திருக்கட்டும். அவள் முன்னே போகிற நாள் வந்தால் அவளும் அப்படியே செய்யட்டும். உகந்தைக்கு அப்பால் யானையும் கரடியும் உள்ள காட்டில் இந்த முன்னே பின்னே எதுவும் வேண்டாம். அங்கே கூட்டத்தோடு, மெதுவாக நடப்பவரின் வேகத்திலேயே நடக்க வேண்டும்.

வேலை ஒருவர் மேலேயே சாய்வதற்குச் சான்று தேட இலங்கை வரை போக வேண்டியதில்லை. நாமெல்லாம் கித்தாக்காட்டிலிருந்து, ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கோல சிலாங்கூரிலிருந்து இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் வரை, ஆணும் பெண்ணும் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனார்கள், இருவரும் நிரை பிடித்துப் பால் வெட்டினார்கள், இருவரும் வாளி சுமந்தார்கள். பெரட்டுக்கு முன்பே எழுந்து சோறாக்கிப் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டது மனைவி. திரும்பி வந்து அடுப்பு மூட்டியதும் அவள்தான். 1920களின் கடைசியில் நிர்ணயித்த நாள்கூலியில்கூட ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வெட்டிய மரத்துக்கு ஆண் பெண் தெரியாது, உடம்பு அலுப்புக்கும் தெரியாது. ஆனாலும் வீட்டு வேலை ஒரு பக்கமே சாய்ந்து கிடந்தது, அதை யாரும் வேலை என்றே எண்ணவில்லை. உழைத்து ஓய்ந்த ஒரு தலைமுறைப் பெண்களின் முதுகுவலியில் பாதி அந்தச் சாய்விலிருந்து வந்தது என்பதே என் எண்ணம். மலையேற்றமும் பாதயாத்திரையும் இன்று நாம் விரும்பி ஏற்கிற உழைப்பு. பழைய சாய்வை அங்கேயும் கொண்டுபோய் வைக்க ஒரு நியாயமும் இல்லை.

வழியெல்லாம் அன்னதானம் கிடைக்குமே, சமைக்கிற வேலையே இல்லையே என்று நீ கேட்கலாம். ஊர்கள் இருக்கும்வரை உண்மை. அந்தச் சனங்கள் அடியார்களுக்குச் சோறு போடுவதைப் பாக்கியமாக நினைக்கிறார்கள். ஆனால் காட்டுக்குள் கடை கிடையாது. அரிசியும் பருப்பும் சுமந்து, சுள்ளி பொறுக்கி, நீங்களேதான் பொங்க வேண்டும். அவரவருக்குக் கைவந்த வேலையை அவரவர் செய்தால் சீக்கிரம் முடியுமே என்பது இதைவிட வலுவான கேள்வி. ஆமாம், முடியும். ஆனால் கைவந்த வேலை என்பது பெரும்பாலும் சிறு வயதிலிருந்து பழக்கப்பட்ட வேலை. மகள் நன்றாகப் பொங்குகிறாள் என்றால் அவளுக்குப் பத்து வயதில் யாரோ கரண்டியைக் கொடுத்தார்கள், உனக்குக் கொடுக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து மண்டபத்தில் படுத்துவிட்டால் கஞ்சி வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். முறை மாற்றிச் செய்வதால் தினம் கொஞ்ச நேரம் வீணாகும். அந்த வீண் எனக்குச் சம்மதம். இது தவம், தவத்தில் என்ன வேலைக் கணக்கு என்றும் உன் நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டு: கதிர்காமத் திருவிழாவில் முருகன் தன் கோயிலை விட்டு இறங்கி வள்ளியம்மன் கோயிலுக்கு ஊர்வலமாகப் போகிறார். கிணற்றடியில் மனைவியின் சேலையை அலசுவதால் உன் விரதத்துக்கு ஒரு குறையும் வராது.

இன்னும் சில. அமெரிக்காவில் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையில் மாதக்கணக்கில் நடக்கும் தம்பதிகள், கூடாரம் ஒருவர் பையிலும் அடுப்பு மற்றவர் பையிலும் என்று பிரித்துக்கொள்வதுண்டு. எடை குறையும், உண்மைதான். வழி தப்பிப் பிரிந்துவிட்டால் ஒருவருக்கு அடுப்பு இருக்காது, மற்றவருக்குக் கூரை இருக்காது. நீங்கள் பாஸ்போர்ட், பணம், மருந்து, தண்ணீர் நான்கையும் அவரவர் பையில் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை எடை போட்டுப் பிரியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, சிறிய உடம்புக்குச் சிறிய பங்கு. ஒன்றரை மாதத்தில் மகளுக்கு மாதவிலக்கு வந்தே தீரும். அந்த நாட்களில் குறைவாக நடப்பதா, ஓர் ஊரில் தங்குவதா, கோயில் வாசலில் என்ன செய்வது என்பதையெல்லாம் அவள் முடிவுக்கு விட்டு, இங்கேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூட்டத்தின் நடுவில் அவள் வாயைத் திறந்து சொல்லும்படி வைக்காதே.

நிறுத்திக்கொள்ளும் உரிமையும் இருவருக்கும் தனித்தனியே வேண்டும். ஒருவருக்கு முடியவில்லை என்றால், மற்றவர் தொடரலாமா கூடவே திரும்புவதா என்று புறப்படும் முன்பே தீர்மானியுங்கள். திருகோணமலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்புக்கு ரயில் உண்டு. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிகிறது; அதற்குத் தெற்கே பஸ்தான், உகந்தைக் காட்டுக்குள் அதுவும் இல்லை. ஆகவே மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தங்கும் அன்றைக்கு, பாதம் பார்த்து முடித்த பிறகு, மேலே போகலாமா என்று அவளைக் கேள். பதில் சொல்ல அவளுக்கு ஓர் இரவு அவகாசம் கொடு.

இப்படிக்கு,
அத்தை