பலகை இறக்குமதி: பணமா, அளவா?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் பிளைவுட் செய்யவும் போகிறது. வெளிநாட்டுப் பலகையும் இந்தியாவுக்கு வருகிறது. பக்கத்து நாடான இலங்கைக்கும் வருகிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

ரூபாய்க் கணக்கு ஏமாற்றும். 2022-இல் இலங்கையில் டாலர் விலை சுமார் 200 ரூபாயிலிருந்து 360-க்கு ஏறியது. பலகை அதேதான், தொகை மட்டும் கூடும். அதனால் கன மீட்டர் கணக்கைத்தான் வருஷா வருஷம் பார்க்கணும்.

இந்தியாவில் சுமார் 140 கோடி பேர், இலங்கையில் சுமார் 2.2 கோடி. தலைக்கு எவ்வளவு என்றும் வகுக்கணும். 20 பேர் குழுவின் சேமிப்பையும் 12 பேர் குழுவின் சேமிப்பையும் மொத்தமாக வைத்து ஒப்பிடுவோமா?

மரம் விற்கும்போதும் இதே பாடம்தான். குத்துமதிப்பாக விலை பேசாமல், எத்தனை கன அடி என்று அளந்து விற்போம்.