கடைசி அசையை நீட்டு, தங்கச்சி

பாரிஸுக்கு வந்த புதிதில் பாண் கடையில் நான் "பகெத்" என்று கேட்டால், விற்கிற பிள்ளை என்னவென்று திருப்பிக் கேட்பாள். எழுத்தெல்லாம் சரிதான். ஆனால், தமிழ்ப் பழக்கத்தில் "ப"வை அழுத்தி "கெத்"தை விழுங்கிவிடுவேன். பிரெஞ்சுக் காது காத்திருப்பது கடைசி அசைக்கு. அதைக் கொஞ்சம் நீட்டினால் போதும், அடித்துச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் லாச்சப்பல் என்கிற இடத்தின் பெயரை அவர்கள் சொல்லும்போது கவனி: லா-ஷ-பெல். நீளுவது "பெல்".

இன்னொன்று, அழுத்தம் தனிச்சொல்லுக்கு உரியதல்ல, சொற்கூட்டத்துக்கு உரியது. "அன் கஃபே" என்றால் "ஃபே" நீளும். பால் விடாத கோப்பிக்கு "அன் கஃபே நுவார்" என்றால் அழுத்தம் "நுவார்"க்குப் போய்விடும், "ஃபே" சாதாரணமாகிவிடும். அதனால் சொல்லைத் தனியே பாடமாக்காதே, முழு வசனமாகப் பாடமாக்கு.

அசை பிரிப்பது உனக்குச் சுலபம். இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றை மெய் நின்றால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: ஷொ-கொ-லா. இரண்டு மெய் வந்தால் பிரியும்: மெர்-சி. ப், க் போன்றவற்றின் பின் ல், ர் வந்தால் பிரிக்காதே: தா-ப்லோ.

சொல் முடிந்தாலும் இந்த ஓட்டம் நிற்காது. பாலும் ஆறும் சேர்ந்து பாலாறு ஆவதுபோல, "அவெக்", "எல்" இரண்டும் அ-வெ-கெல் ஆகும். "லே", "அமி" சேர்ந்தால் எழுத்தில் தூங்கிக் கிடந்த "எஸ்" எழும்பி லே-ஸ-மி ஆகும். அந்த "ஸ" தேனீபோல இரைய வேண்டும். புணர்ச்சி படித்த எங்களுக்கு இது புதிதா என்ன?

எழுத்தை மட்டும் நம்பாதே. சனிக்கிழமையை ச-மெ-தி என்று 3 அசையாக எழுதுவார்கள், பாரிஸில் வாயில் வருவது சம்-தி. தெற்கே மார்செய் பக்கம் அந்த நடு உயிர் அடிக்கடி உயிரோடிருக்கும்.

"யுனிவெர்ஸிதே" போல நீண்ட சொல்லில் வாய் சிக்கினால் பின்னாலிருந்து கட்டு: தே, ஸிதே, வெர்ஸிதே, னிவெர்ஸிதே, யுனிவெர்ஸிதே. ஒவ்வொரு முறையும் "தே"யில்தான் வந்து இறங்குவாய். கைதட்டிச் சொல்லு. 5 தட்டும் ஒரே சீராக விழட்டும், கடைசித் தட்டில் மட்டும் கைகள் சற்று ஒட்டி நிற்கட்டும்.